க்ளோசிங் என்ற வார்த்தை

போன மாதம் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை வைக்க எங்கள் பழைய ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேச, அது அவர் பேச்சைத் தமிழில் திருப்பிச் சொல்ல, சூப்பர்வைசர் பெண் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் என் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள். வந்தவர் போன பிறகு அந்தப் பெண் என்னிடம், "நீங்க இருந்தப்ப எப்படிக்கா? அவங்க சொல்றத அப்படியே சொல்லிடுவீங்களா?" என்று கேட்டாள். அப்படியேதான் சொன்னேன், ஒரு தடவை சொல்லாதே என்று ஜாடை காட்டினார்கள், அப்போதும் சொன்னேன் என்றேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலூரில் மிஷன் பள்ளியில் படித்தவள். டைப்ரைட்டிங் இரண்டு கிரேடும் முடித்துவிட்டு லாங் பஜாரில் ஒரு மொத்தக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வெறும் தோலாக அனுப்பியது போதும், ஷூவாகத் தைத்து அனுப்புங்கள் என்று அரசாங்கம் சொல்லத் தொடங்கியிருந்த காலம். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஷூ ஃபேக்டரி கட்டினார்கள். அதில் ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவர் பேசியது அங்கே பாதிப் பேருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டு ஷூ தைக்கிற இடத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் நடக்க ஆரம்பித்தவள்தான்.

எங்கள் ஃபேக்டரியில் தோலை வெட்டும் இடத்துக்குக் கட்டிங் என்று பெயர். வெட்டிய துண்டுகளின் ஓரத்தைச் சீவி, மடித்து, ஒட்டி, ஷூவின் மேல்பாகமாகத் தைத்து மூடும் இடம் க்ளோசிங். அங்கே முழுக்கப் பெண்கள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் உண்டு என்று அவர்களில் யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆம்பூரில் அது ஒரு படிப்பு மாதிரி. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "பொண்ணு க்ளோசிங்ல இருக்குது" என்று சொல்வார்கள், பேச்சு கொஞ்சம் மரியாதையாக மாறும். "என் நாத்தனாரும் க்ளோசிங்தான்" என்று பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் மேனேஜர் நசீர் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தைத்து முடித்த மேல்பாகத்தைக் கையில் எடுப்பார், முதலில் வெளிப்பக்கம் பார்க்கவே மாட்டார். உள்பக்கமாகத் திருப்பி, கட்டைவிரல் நகத்தைத் தையல்மேல் மெதுவாக ஓட்டுவார். நகம் எங்காவது தடுக்கினால் அந்த இடத்தைப் பிடித்தபடி தைத்தவளுக்கு எதிரில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பெண்களுக்கு அதுதான் பேஜாராக இருக்கும். "ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போனாலாவது மனசு ஆறும், இந்த மனுஷன் வெச்சிட்டுப் போறாரே" என்பாள் காவேரி.

காவேரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷனுக்கு நெஞ்சு நோய், அவள் சம்பளம்தான் வீட்டுக்கு. வாய் ஜாஸ்தி, கை அதைவிடச் சுத்தம். இருந்தும் அவளும் மற்றப் பெண்களும் அப்போது தற்காலிகம்தான். பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் எல்லாரையும் பர்மனென்ட் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த ஆர்டருக்காகத்தான் எண்பதுகளின் நடுவில் பிரெண்டா மேடம் இங்கிலாந்திலிருந்து வந்தார். ஷூ தைப்பதற்கே பேர்போன ஊர் அவருடையது. பள்ளிக்கூடத்தை விட்டதும் க்ளோசிங்கில் உட்கார்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தவர். ஷூவை வாங்கப்போகிற அவருடைய கம்பெனியே எங்கள் பெண்களுக்குப் பழக்கிவிட அவரை அனுப்பியிருந்தது. கடைசியில் அவர் சாம்பிளைப் பார்த்து 'சரி' சொன்னால்தான் ஆர்டர்.

மேடத்தின் பேச்சு நான் படித்த இங்கிலீஷ் இல்லை. எல்லாரையும் 'டக்' என்று கூப்பிடுவார். முதல் நாள் காவேரியின் தோளைத் தட்டி அப்படிக் கூப்பிட்டதும், நான் யோசிக்காமல் வாத்து என்று சொல்லிவிட்டேன். "இன்னாது, வாத்தா? நான் நடக்கறது அப்படியா இருக்குது?" என்று காவேரி எழுந்துவிட்டாள். பிறகு விசாரித்தால், அவர் ஊரில் கண்ணு, ராஜாத்தி என்பதற்கு அதுதான் வார்த்தையாம். ஒரு வாரத்தில் செக்ஷன் முழுக்க ஒருத்தியை ஒருத்தி வாத்து என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் மணி அடித்ததும், "பை பை வாத்து, போய்ட்டு வர்றோம்" என்று மேடத்துக்கு ஒருத்தி விடாமல் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுவார்கள்.

மேடம் சொல்லிக்கொடுக்கிற விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஷூவின் முன்பக்கத்தில் தையல் திரும்புகிற மூலைதான் கஷ்டம். அங்கே வந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிடச் சொல்வார். பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் தோலுக்குள் இறக்கவேண்டும். ஊசி உள்ளே நின்றபடி, தோலைப் பிடித்திருக்கும் அழுத்தியைத் தூக்கி, தோலை மட்டும் திருப்பி, மறுபடி அழுத்தியை இறக்கி, அதன் பிறகுதான் மிதிக்கவேண்டும். துணி என்றால் பிரித்துத் தைக்கலாம், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். இதை நான் எத்தனை தடவை தமிழில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு மாதம் ஆனதும் மேடத்தின் முகம் வாடத் தொடங்கியது. கெஸ்ட் ஹவுசில் பேச ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் அவருடைய தங்கையிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே வீடியோ கேசட். அவர்கள் ஊர் சேனலில் ஒரு நாள் சாயங்காலம் என்னென்ன வந்ததோ, அத்தனையையும் அப்படியே பதிவு செய்து அனுப்பியிருந்தாள். மேடம் கேசட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, இதைப் பெண்களோடு சேர்ந்து பார்க்கவேண்டும், என் ஊரை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்றார். நசீர் சார் உடனே ஆள் அனுப்பிக் கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுவரச் செய்தார். ஜும்மா தொழுகைக்காக எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அதனால் வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கேன்டீனில் பாய் விரித்தோம். என் கையில் மைக் கொடுத்தார்கள்.

பொம்மைகள் பேசுகிற சிறுவர் நிகழ்ச்சியில் ஆரம்பித்தது. அதற்கு நான் தேவைப்படவில்லை. அடுத்து ஒரு வயசானவர் ரோஜாச் செடியை வெட்டுவது எப்படி என்று வெகு நேரம் காட்டினார். "இத்தினிக்கூண்டு தோட்டத்துக்கு இவ்ளோ பேச்சா?" என்றாள் காவேரி. பிறகு கேள்வி கேட்டுப் பரிசு கொடுக்கிற நிகழ்ச்சி. தோற்றுப்போன பெண்ணும் சிரித்தபடி கை குலுக்கியதைப் பார்த்து எல்லாரும் அதிசயப்பட்டார்கள். நடுவில் விளம்பரம். ஒரு டின்னைத் திறந்து தட்டில் கொட்ட, நாய் ஓடி வந்தது. டின்மேல் நாய்ப் படம். கறி நாயினுடையதா, நாய்க்கா என்று பெரிய சர்ச்சை. நாய்க்குத்தான் என்று நான் மைக்கில் அறிவித்த பிறகுதான் அடங்கினார்கள். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அந்த வட்டாரத்துச் செய்தி வந்தது. செங்கல் கட்டிடம் ஒன்று, பெரிய கேட், மழைத் தூறல். மேடம் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "அது எங்கள் ஃபேக்டரி" என்றார். நான் மைக்கில் தமிழில் சொன்னேன். ஒரே ஆரவாரம். கேமரா உள்ளே போனது. நீளமான ஹால், வரிசையாக மிஷின்கள், எங்களிடம் இருந்த அதே மிஷின்கள், குனிந்து தைக்கும் பெண்கள். செய்தி சொல்கிறவர் வாயிலிருந்து 'க்ளோசிங்' என்ற வார்த்தை விழுந்தது.

"நம்ம செக்ஷன்டீ" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. அவர் மறுபடி அந்த வார்த்தையைச் சொன்னார், மறுபடி தட்டினார்கள். கேட்டுக்கு வெளியே நீலக் கோட்டு போட்ட ஒரு பெண்மணியிடம் மைக்கை நீட்டினார்கள். அவள் ஏதோ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து டை கட்டிய ஒருவர் பேசினார். அவர் பேச்சில் 'இந்தியா' என்ற பெயர் வந்தது. அவ்வளவுதான், விசில் அடித்தார்கள். "மேடம், உங்க ஊரு டி.வி.ல நம்ம க்ளோசிங்க சொல்றாங்க, இந்தியாவ சொல்றாங்க" என்று காவேரி மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மேடம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் மறுபடி வந்த நீலக் கோட்டுப் பெண்மணியைப் பார்த்தபடி, "அது என் தங்கை. இன்னும் அங்கேதான் தைக்கிறாள்" என்று மட்டும் சொன்னார்.

செய்தி எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் சொன்ன 'க்ளோசிங்' இழுத்து மூடுவது, அந்த ஃபேக்டரியை மூடுகிறார்கள். அதே தையலை இந்தியாவில் குறைந்த கூலிக்குத் தைக்கிறார்கள், அதனால் இனி இங்கே கட்டுப்படியாகாது என்று டை கட்டியவர் சொல்லிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் நின்றிருந்த நசீர் சாருக்கும் புரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். அவர் கணக்கு எனக்குத் தெரியும். இந்த நேரத்தில் பெண்கள் பயந்தால் கை தடுமாறும், மேடம் மனசு முறிந்து ஊருக்குப் போய்விட்டால் ஆர்டரும் போய்விடும், இவர்கள் பர்மனென்ட் ஆவதும் போய்விடும். பேசாமல் இருந்திருந்தால் கைதட்டல் தானாக ஓய்ந்திருக்கும். ஆனால் திரையில் அந்தத் தங்கை கண்ணைத் துடைக்கிறாள், இவர்கள் விசிலடிக்கிறார்கள், நடுவில் மேடம் உட்கார்ந்திருக்கிறார். என்னால் முடியவில்லை.

"கை தட்டாதீங்க" என்றேன் மைக்கில். "அவங்க சொல்றது நம்ம க்ளோசிங் இல்ல. ஃபேக்டரிய மூடுறாங்க. மேடம் வேல செஞ்ச ஃபேக்டரி. அந்தத் தையல் வேல இனிமே இந்தியாவுக்கு வருதாம். நம்மகிட்ட வருதாம். கோட்டு போட்டுக்கினு பேசினது மேடத்தோட தங்கச்சி."

கைகள் பாதியில் நின்றன. அதற்குள் செய்தி முடிந்து நகைச்சுவை நாடகம் தொடங்கிவிட்டது. ஒருவர் கதவில் முட்டிக்கொள்ள, திரைக்குப் பின்னால் யார் யாரோ சிரித்தார்கள். எங்கள் கேன்டீனில் அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. டெக்குக்காரப் பையன் அணைக்கப் போனான். மேடம் கையைக் காட்டித் தடுத்து, "இருக்கட்டும், முடியட்டும்" என்றார். முடிகிற வரை உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ்ஸைப் பற்றி ஒருத்தியும் பேச்செடுக்கவில்லை. கடைசியில் வானிலை வந்தது, நாளையும் மழை என்றார்கள். அதையும் மைக்கில் சொன்னேன்.

எல்லாரும் போன பிறகு நசீர் சார் என்னிடம் வந்தார்.

"நான் தலையாட்டினத பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு சொன்ன?"

"கை தட்டிட்டாங்க சார்" என்றேன். அவர் டி.வி. வயரைச் சுற்றிக்கொண்டே, "நீ சொன்ன வார்த்த சரி. நேரம் தப்பு" என்றார். அவர் இருந்த வரை அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கைதட்டலோடு மேடத்தை அறைக்கு அனுப்பியிருந்தால் நான் பேசிய இங்கிலீஷ் எதற்கு?

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கெஸ்ட் ஹவுசுக்குப் போனேன், மேடம் என்ன முடிவில் இருக்கிறார் என்று தெரியவேண்டும். போனால், வராந்தாவில் எனக்கு முன்னால் காவேரி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், முக்காடு போட்டபடி முஸ்லிம் பெண்களும் வந்தார்கள். யாரும் யாரையும் வா என்று கேட்கவில்லை. ஒருத்தி தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மேடம் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். மேடம் என்னிடம், "இவர்களுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். வெகு நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பெண்கள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "தினமும் எனக்குப் பை பை சொல்லாமல் போகாதவர்கள். நேற்று நடந்ததற்கு என்மேல் கோபமா, சுசீலா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சாவு வீட்டுக்கு வந்தா போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம். சொல்லக் கூடாது. அவங்க துக்கம் கேட்டுட்டுப் போறாங்க" என்று அவர் பாஷையில் சொன்னேன்.

யார் செத்தது என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார், மூடினார், பிறகு அழுதார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. அழுகை அடங்கியதும், தங்கைக்கு எதையும் வாய் திறந்து சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதனால்தான் டி.வி.யை விட்டே சொல்லவைத்திருக்கிறாள் என்றார்.

சனிக்கிழமை மேடம் வேலைக்கு வந்தார். ஆனால் மிஷின்கள் ஓடவில்லை. பெண்கள் அவரவர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நசீர் சார் ஆபீஸ் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை. காவேரி என்னைக் கூப்பிட்டாள்.

"சுசீலாக்கா, ஒண்ணே ஒண்ணு கேளு. நாங்க இத தைக்கலன்னா அந்த ஃபேக்டரிய தொறந்துடுவாங்களா?"

கேட்டவள் தற்காலிகக்காரி. அவள் தைக்கவில்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. கேள்வியை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் மேடத்திடம் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"திறக்க மாட்டார்கள். நீங்கள் தைக்காவிட்டால் வேறு ஊரில் வேறு யாராவது தைப்பார்கள்" என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். காவேரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்ப மூலைய இன்னொரு தபா காட்டச் சொல்லுக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு மேடம் கற்றுக்கொடுத்ததுபோல அதற்கு முன்பு கற்றுக்கொடுக்கவில்லை. தன் கைக்கு மட்டும் தெரிந்த சின்னச் சின்ன வித்தைகள், சுருக்கம் விழாமல் ஓரத்தை மடிப்பது, நூல் முனையைக் கருகாமல் சுடுவது, ஒன்றையும் மறைக்கவில்லை. இரக்கமும் காட்டவில்லை. தையல் நூலளவு விலகினாலும் தூக்கி ஓரம் போட்டார். பெண்களும் முகம் சுளிக்கவில்லை. சாம்பிள் முடிந்த அன்று எல்லா ஜோடிகளையும் நசீர் சாரும் மேடமும் எதிரெதிரே உட்கார்ந்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். மேடம் 'சரி' சொன்னார். பெண்கள் பர்மனென்ட் ஆனார்கள். ஊருக்குக் கிளம்பும்போது, தங்கையின் கால் அளவில் ஒரு ஜோடி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அதை முழுக்கத் தைத்தது காவேரி.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் மத்தியானம் ஆபீசுக்கு இங்கிலாந்திலிருந்து போன் வந்தது. நசீர் சார் தொழுகைக்குப் போயிருந்தார், நான் எடுத்தேன். ஆர்டர் விஷயமாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேடம் தங்கையைப் பற்றிச் சொன்னார். லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது, ஆனாலும் எல்லாம் புரிந்தது. போனை வைத்துவிட்டுச் செக்ஷனுக்குப் போனேன். மேடம் போன் என்று தெரிந்து எல்லாரும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள்.

"இன்னா சொன்னாங்கக்கா?" என்றாள் காவேரி.

"ஷூவ தங்கச்சிகிட்ட குடுத்தாங்களாம். அந்தம்மா அத கால்ல போட்டுப் பாக்கல. ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போயி, உள்பக்கம் திருப்பி, ஒரு மணி நேரம் பாத்தாங்களாம். ஒரு தப்புகூட கண்டுபுடிக்க முடியலியாம். அதுக்கப்புறம்தான் அழுதாங்களாம்."

நான் சொன்னது அவ்வளவுதான், மேடம் சொன்னதும் அவ்வளவுதான். காவேரி மிஷினில் இருந்த தோலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு தையலாவது கோணலா வுட்டிருக்கலாம்க்கா" என்றாள்.